தொம்பையும் சுருக்குப்பையும்

பங்குனித் தேரோட்டத்தன்று நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் தேரை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த உயரத்தில் அவர்கள் கண்ணில் படுவது மரம் அல்ல, துணி. தமிழ்நாட்டுத் தேர்களில் சிற்பம் செதுக்கிய மரவேலை பெரும்பாலும் அடித்தட்டுகளோடு நின்றுவிடும். அதற்கு மேலே மூங்கிலும் சவுக்கும் வைத்துச் சாரம் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, தோரணமும் தொம்பையும் தொங்கவிட்டுக் கோபுரம் எழுப்புகிறார்கள். திருவிழா முடிந்தால் அந்தக் கோபுரத்தை அவிழ்த்து, மடித்து, மூட்டை கட்டி அறைக்குள் வைத்துவிடலாம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில் கீரனூரைத் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள் தலைகாட்டும். கல் பார்க்க வருகிறவர்கள் நேரே மேலமலைக்கு ஏறி, 9ஆம் நூற்றாண்டுக் கற்றளியான விஜயாலய சோழீச்சரத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். துணி பார்க்க வருகிறவருக்கு மலையேறும் வேலை இல்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு, கூட்டம் கலைந்த நேரத்தில், கீழே தொங்கும் ஒரு தொம்பையின் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

தொம்பை என்பது உருளை வடிவில் தைத்த நீளமான துணிக்கூடு. உள்ளே வளையம் வைத்திருப்பதால் காற்றடித்தாலும் வடிவம் குலையாது. முழுத்துணி என்று சொல்ல அதில் இருப்பது அடித்துணி மட்டும்தான். மேலே தெரிகிற தாமரை, அன்னம், யாளி, பட்டைகள், பல்லுப்பல்லாய்த் தொங்கும் ஓரம் எல்லாமே வெட்டிய துண்டுகள். துணியை நாலாக மடித்து ஒரு முறை கத்தரி ஓட்டினால் நாலு பக்கமும் ஒரே அளவில் விரியும் பூ கிடைக்கும். அதை அடித்துணியில் பரப்பி, ஓரத்தை மடக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. இதற்கு மேல் நிறம் அதிகம் புகாததற்குக் காரணம் உண்டு. தேர்ச்சீலையை ஜனங்கள் ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். பொடிப்பூ போட்ட சீட்டித் துணியை அவ்வளவு உயரத்தில் தைத்தால் வெறும் அழுக்கு நிறமாகத்தான் தெரியும். எது ஒட்டும், எது எடுபடும் என்கிற கணக்கு இந்த வேலைக்காரர்களுக்குக் கைப்பழக்கம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் தேருக்குச் சீலை தைக்கும் பிப்பிலி ஊர்க்காரர்களின் வேலை இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அங்கே மூன்று தேருக்கும் சிவப்பு பொது, கூடச் சேரும் நிறம்தான் வேறு: ஜகந்நாதருக்கு மஞ்சள், பலபத்திரருக்குப் பச்சை, சுபத்திரைக்குக் கறுப்பு.

சாமி தேரில் ஒட்டுப்போட்டுத் தைத்தால் அது அலங்காரம். அதே ஒட்டு பள்ளிக்கூடப் பையனின் டவுசர் பின்பக்கத்தில் இருந்தால் ஊரே சிரிக்கும். கிழிந்த டவுசருக்குத் ‘தபால் பெட்டி’ என்று பேர் வைத்துக் கேலி செய்த தலைமுறை இன்னும் நடமாடுகிறது. ஒட்டுத்துணி என்றால் இல்லாமை என்று மனசில் பதிந்துவிட்டதால்தான், துண்டு சேர்த்துத் தைக்கும் கலை தமிழ் வீடுகளில் கூடத்துக்கு வராமல் அடுக்களையிலும் தொட்டிலடியிலும் தங்கிவிட்டது. வங்காளத்தில் பழைய சேலையை அடுக்கித் தைத்த காந்தா, வீட்டுச் சீதனமானது. கர்நாடகத்தில் அதற்குக் கௌதி என்று பேர். உத்தர கன்னடத்துச் சித்தி மக்கள் தைக்கும் போர்வைக்கு நாலு மூலையிலும் முக்கோணத் துண்டுகளால் பூ வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வேலைக்குப் போட்டு நைந்த உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவரில் ஏறின. நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய நூல் சேலையை நாலைந்தாக மடித்து நூலோட்டம் போட்டுக் கொடுத்த விரிப்பை எந்த அருங்காட்சியகமும் கேட்டு வரவில்லை.

நார்த்தாமலையிலிருந்து புதுக்கோட்டை நகருக்கு அரை மணி நேர ஓட்டம்தான். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி என்று அரண்மனையைச் சுற்றி நேர்கோடாகப் போகும் தெருக்கள் புதிதாக வருகிறவரைக் கொஞ்சம் திகைக்க வைக்கும். 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் ஊர் திருத்தி அமைக்கப்பட்டதன் தடம் அது. இன்று இந்த வீதிகள் ஜவுளிக்கு. ஜவுளி இருக்கும் இடத்தில் தையல் கடை இருக்கும். தையல் கடை இருந்தால் மெஷினுக்கு அடியில் ஒரு சாக்கு இருக்கும்.

அந்தச் சாக்கைக் கொட்டிப் பார்த்தால் ஊர் தெரியும். ரவிக்கை வெட்டும்போது கைக்குழியிலிருந்து விழும் பிறை வடிவத் துண்டு, லைனிங் வெள்ளை, சுடிதார் பேன்ட்டில் மிஞ்சிய நீளப்பட்டை, கல்யாணப் பட்டு ரவிக்கையின் சரிகை ஓரத்தில் அரை விரல் அகலம், அரசுப் பள்ளிச் சீருடை நிறத்தில் ஒரு முக்கோணம். விவரமான அம்மாக்கள் துணி கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்: “வெட்டு மிச்சம் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி, பாப்பா பாவாடைக்கு ஓரம் வைக்கணும்.” தையல்காரரும் சிலவற்றைத் தமக்கென்று எடுத்து வைப்பார். மூலைவாக்கில் வெட்டிய துண்டு பைப்பிங்குக்கு, நேர்நூலில் இருப்பது கொக்கிப் பட்டிக்கு, கெட்டியானது நாடாவுக்கு. மிச்சம் குப்பை வண்டிக்குப் போகும். பாலியஸ்டர் கலந்த துண்டுகள் மண்ணில் லேசில் மக்காது. கொளுத்தினால் கறுப்புப் புகையும் உருகிய கட்டியும்தான் மிஞ்சும்.

திருப்பூரில் இதே பொருளுக்கு விலை உண்டு. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டை எடை போட்டு வாங்குகிறார்கள். நிறம் பிரித்து, பஞ்சாகக் கிழித்து மறுபடி நூலாக்குகிறார்கள். இன்னொரு பங்கு மெஷின் துடைக்கப் போகும், வேறொரு பங்கு கால்மிதியாக நெய்யப்படும். அங்கே ஒரே துணி, ஒரே நிறம், டன் கணக்கில் விழுகிறது. ராஜ வீதிச் சாக்கிலோ ஒரு கிலோவுக்குள் நூறு ஜாதித் துணி. வாங்கிப் பிரிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று வியாபாரி ஒதுங்கிவிடுவார். ஆலைக்காரர் குறை என்று தள்ளும் அந்தக் கலப்புதான் ஒட்டுத்தையல்காரிக்கு முதல். நூறு ஜாதித் துண்டு இல்லாமல் ஒட்டுத்தையல் இல்லை.

ஆனால் முதல் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். துண்டு சிறிதாகச் சிறிதாகத் தையல் பிடிப்பு அதைத் தின்றுவிடும். இரண்டு இஞ்சுச் சதுரம் ஒன்றை எடுத்து நாலு பக்கமும் கால் இஞ்சு விட்டுத் தைத்தால், வெளியே தெரிவது ஒன்றரை இஞ்சுதான். பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு உள்ளே போய்விட்டது. நாலு இஞ்சுச் சதுரத்தில் இந்த இழப்பு 23 பங்கு, ஆறு இஞ்சில் 16. ஆகவே கையகலத்துக்குக் குறைந்த துண்டை இன்னொரு துண்டோடு மூட்டித் தைப்பது வீண்பாடு. அதைத் தொம்பைக்காரர் வழியில் ஓர் அடித்துணி மேல் வைத்து ஒட்டித் தைக்க வேண்டும். பழைய வேட்டியை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அடுத்த துண்டை அதன் மேல் குப்புறப் போட்டு ஒரு தையல் ஓட்டித் திருப்பிவிட்டால் பிறை, முக்கோணம், கோணல்மாணல் எல்லாம் அதனதன் இடத்தில் அடங்கும். அளவெடுக்கும் தொல்லையே இல்லை.

சேர்க்கிறவர் பலரும் நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பார்க்க வேண்டியது கனம். பட்டுத் துணியையும் காடாவையும் ஒன்றாகத் தைத்தால் முதல் துவைப்பிலேயே கனமானது மெல்லியதை இழுத்துச் சுருக்கும். லெக்கின்ஸ், பனியன் மாதிரி இழுபடும் துணியைத் தறித்துணியோடு சேர்க்கவே கூடாது. தைப்பதற்கு முன்னால் எல்லாத் துண்டையும் ஒரு முறை நனைத்துவிட வேண்டும். சுங்குடிச் சிவப்பு ஒன்று சாயம் விட்டால் பக்கத்திலிருக்கும் வெள்ளை அத்தனையும் போச்சு.

சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும். ஆடு விலை பேசுகிற இரைச்சலுக்கு நடுவே பாட்டிமார் இடுப்பில் இருக்கிறது இந்த மாவட்டத்தின் மிகச் சிறிய ஒட்டுத்தையல் வேலை: சுருக்குப்பை. வாயில் நாடா கோத்து, இரண்டு பக்கமும் இழுத்தால் சுருங்கும் பை. வெளியே ஒரு துண்டு, உள்ளே வேறு துண்டு, நடுவில் தடுப்புக்கு மூன்றாவது. வெற்றிலைக்கு ஓர் அறை, பாக்குக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று, புகையிலைக்குத் தனியாக ஒன்று. கடைகளில் இன்று தாம்பூலப் பையாகக் கிடைக்கும் பளபளப்புச் சுருக்குப்பையில் ஒரே அறைதான். ஒரு தேங்காய் போட்டால் வாய் மூடாது. பாட்டியின் பையோ உள்ளங்கை அளவில் ஒரு பீரோ. சேலைத் தலைப்பை விலக்கி, பையை உருவி, பார்க்காமலே விரல் சரியான அறைக்குப் போகிறது. இதைத் தைக்க அதிகபட்சம் வேண்டியது ஒரு ரவிக்கையின் மிச்சம். இரண்டு இஞ்சுக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. தடுப்புத் துணிக்குத் தையல் பிடிப்பு கூடினால் நல்லதுதான், பை கெட்டியாகும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்களும் இந்தத் தெருக்களில் வருவார்கள். தெற்கே திருமயம் தாலுகாவில் கடியாபட்டி, ராயவரம், அரிமளம் என்று செட்டிநாட்டு வீடுகள் உள்ள ஊர்களில் கேட்கிற குரல் வேறு: “பழைய பட்டுச்சேலை, சரிகைச்சேலை இருக்கா…” அவர்களுக்கு வேண்டியது சரிகையில் இருக்கும் வெள்ளி. உடல் பட்டு அவர்கள் கணக்கில் உமி. அந்த உமியைத்தான் இப்போது சுற்றுலா ஊர்க் கடைகளில் தலையணை உறையாகவும் படுக்கை விரிப்பாகவும் ஒட்டுப்போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். வீட்டு ஆச்சியிடம் அதை விரித்துக் காட்டினால் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

புதுக்கோட்டையில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவசச் சீருடையைத் தமிழ்நாடு முழுக்க மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் இலவசத் தையல் மெஷினும் கொடுக்கிறார்கள். பெண்கள் வேலை தேடி வெளியே போய்வருவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதிய பிறகு உலகத்துக்கே தெரிந்த கதை அது. சைக்கிள் கேரியரில் தண்ணீர்க்குடம் வந்தது, விளைபொருள் வந்தது. துணி மூட்டை ஏறுவதற்கும் தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பை தைத்துப் பார்ப்போம். நாலு இஞ்சுத் துண்டுகள் அகலத்துக்கு நாலு, உயரத்துக்கு ஐந்து. ஒரு பக்கத்துக்கு 20, இரண்டு பக்கத்துக்கு 40 துண்டு. முடிந்தால் 14 இஞ்சு அகலமும் ஏறக்குறைய 17 இஞ்சு உயரமுமாகக் காய்கறிக்குப் போதுமான பை. துணிக்குக் காசு இல்லை. ஆனால் நாற்பதையும் பொறுக்கி, நனைத்து, இஸ்திரி போட்டு, அளவாக வெட்டி, வரிசையாக மூட்டி, உள்துணி கொடுத்துக் கைப்பிடி வைக்கப் பழகிய கைக்கும் அரை நாள் போகும். 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த தமிழ்நாடு அரசு, 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கான தானியங்கி எந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வந்து விழுகிறது. பத்து ரூபாய்ப் பையோடு அரை நாள் உழைப்பு எப்படிப் போட்டி போடும்? ஒட்டுத்தையல் பையை மஞ்சப்பைக்கு மாற்று என்று சொல்லி விற்றால் தைத்தவளுக்குக் கூலி நிற்காது. வேறு பொருளாக, வேறு கடையில்தான் அது விலைபோகும். வேஸ்ட்டிலிருந்து காசு என்று பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் துணி இலவசம் என்பதை அழுத்திச் சொல்கிறார்கள். நேரம் இலவசம் என்றும் அதற்குள் சேர்த்துத்தான் சொல்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

ஆலங்குடி வழியாகக் கிழக்கே போனால் செம்மண்ணும் தென்னையும் பலாவும். 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப் போட்ட பகுதி இது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் சுமார் 33 அடி உயரத்தில் ஒரு குதிரை பாய்கிற கோலத்தில் நிற்கிறது. மாசி மகத்துக்கு அதன் கழுத்திலிருந்து தரை வரைக்கும் காகிதப்பூ மாலைகள் விழும். ஊர் ஊராக வண்டி வைத்து மாலை கொண்டுவருகிறார்கள். குதிரையின் நிறமே தெரியாத அளவுக்கு மாலை மேல் மாலை. வண்ணம் சேர்ப்பதில் இந்த மண்ணுக்கு இருக்கும் துணிச்சலை இங்கே பார்க்கலாம். இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, அதற்குப் பக்கத்தில் ஊதா. நகரத்துத் தையல் வகுப்பில் ‘பொருந்தாது’ என்று விலக்கச் சொல்லும் சேர்க்கைகள் அத்தனையும் இங்கே பொருந்தியிருக்கின்றன.

அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்குப் பேருந்து உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் காற்றில் கருவாட்டு வாடை ஏறும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் பாக் நீரிணைக் கரை ஊர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை வந்த கரையோரங்களில் புதுக்கோட்டையின் இந்தச் சின்னக் கரையும் சேர்த்தி. நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழவில்லை. அந்தப் பேரிடரில் துணிக்கும் ஒரு கதை இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி தமிழகக் கடற்கரைக்கு வந்தது. மீனவப் பெண்களுக்கு ஜீன்ஸும் கம்பளி ஸ்வெட்டரும் எதற்கு? எடுப்பார் இல்லாமல் சாலையோரத்தில் குவிந்து மழையில் ஊறின. அள்ளிப் போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியல்களைப் பிரித்து மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. 1999இல் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. கிழிசலில் விரிப்பு, நல்ல பருத்தித் துண்டுகளில் மாதவிடாய்த் துணி என்று ஒன்றையும் விடாமல் பயன்படுத்துவது அவர்கள் முறை.

இதே கரையில் வடக்கே, ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற வடிவமைப்புக் கூடம் 2005இல் வேறொன்று செய்தது. அதை நடத்திய உமா பிரஜாபதி, வீடும் வேலையும் இழந்து உட்கார்ந்திருந்த மீனவப் பெண்களிடம் உடுப்புத் தொழிலில் மிஞ்சிய துண்டுத் துணியைக் கொடுத்துப் பொம்மை செய்யச் சொன்னார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மை. பேர் சுனாமிகா. தலைக்கு ஒரு துண்டு, உடம்புக்கு ஒரு துண்டு, முடிந்தது. இரண்டு இஞ்சுக்கும் குறைவான, எந்தச் சதுரத்துக்கும் சேராத, தையல் பிடிப்பே விழுங்கிவிடும் துணிகள்தான் அதற்குத் தோது. லட்சக்கணக்கில் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். அதற்கு விலை வைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். பிடித்துப்போனவர்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி போனது. அரை நாள் உழைப்புக்கு யார் கொடுப்பது என்ற சிக்கலை, பொருளைச் சந்தைக்கே கொண்டுபோகாமல் அவர்கள் தாண்டினார்கள். எல்லா ஊரிலும் இது நடக்கிற காரியமில்லை. ஒரு பேரலையின் ஞாபகம் அதற்குப் பின்னால் இருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடிக்கு அறந்தாங்கியில் வண்டி மாறினால் ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். ராஜ வீதித் தையல் கடைகளைப் பார்க்க வேண்டும் என்றால் மாலையில் கடை கட்டும் நேரத்துக்குப் போவது நல்லது. பெருக்கி அள்ளுவது அப்போதுதான். கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள், காசு வாங்கத் தயங்குவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம். துணி நிறையக் கிடைக்கும், தலைநிமிர்ந்து பதில் சொல்லத்தான் யாருக்கும் நேரம் இருக்காது.